விடுமுறைக்கு வீடில்லாதவர்கள்: ‘தி ஹோல்டோவர்ஸ்’ படத்துக்குப் பின்னால் இருக்கும் 1970

அலெக்சாண்டர் பெய்ன் இயக்கிய ‘தி ஹோல்டோவர்ஸ்’ 2023 அக்டோபர் கடைசியில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. அன்றிலிருந்து, டிசம்பர் பிறந்தாலே யாராவது ஒருவர் இன்னொருவருக்குச் சிபாரிசு செய்யும் படமாக அது ஆகிவிட்டது. பனி மூடிய பள்ளிக்கூடம், கிறிஸ்துமஸ் விடுமுறை, போக இடமில்லாமல் அங்கேயே தங்கிவிட்ட மூன்று பேர். முதலில் முறைத்துக்கொள்கிறார்கள், பிறகு ஒருவருக்கொருவர் ஆறுதலாகிறார்கள். கதையை இப்படிச் சொன்னால் இதேபோல் பத்துப் படங்கள் நினைவுக்கு வரும்.

இந்தப் படத்தின் இனிப்பைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அதன் கசப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றிய பேச்சு குறைவு. அந்தக் கசப்புக்கு ஒரு காலம் உண்டு, ஒரு சட்டம் உண்டு, ஒரு பணக்கணக்கும் உண்டு. 1970 டிசம்பரில் அமெரிக்காவில் பள்ளி முடிக்கும் ஓர் ஆண்பிள்ளையின் உயிர் எதை நம்பி இருந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால், இதைக் கிறிஸ்துமஸ் படம் என்பதைவிடப் போர்க்காலப் படம் என்றே சொல்லத் தோன்றுகிறது. போர்க்களத்தை ஒரு நொடிகூடக் காட்டாத போர்க்காலப் படம். முடிவையும் சேர்த்தே பேசப்போகிறேன், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

முதலில் கதை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில் பார்ட்டன் அகாடமி என்றொரு ஆண்கள் உறைவிடப் பள்ளி. கற்பனைப் பள்ளிதான். பணக்கார வீட்டுப் பிள்ளைகளை ஹார்வர்டு, பிரின்ஸ்டன் போன்ற பல்கலைக்கழகங்களுக்குத் தயார்செய்து அனுப்புவது அதன் வேலை. அங்கே பண்டைய நாகரிகங்கள் பாடம் எடுப்பவர் பால் ஹன்னம். மணமாகாதவர், பள்ளி வளாகத்தை விட்டு அதிகம் வெளியே போகாதவர். மாணவர்களுக்கு அவரைப் பிடிக்காது, சக ஆசிரியர்களுக்கும் பிடிக்காது. பள்ளிக்கு நன்கொடை தரும் செனட்டர் ஒருவரின் மகனுக்குத் தேர்ச்சி மதிப்பெண் போட மறுத்தவர் அவர். பையனுக்குப் பிரின்ஸ்டனில் கிடைத்த இடம் போயிற்று, பள்ளிக்குச் செனட்டரின் தயவு போயிற்று. தலைமையாசிரியர் உட்ரப் ஒரு காலத்தில் ஹன்னத்திடம் படித்த மாணவர்தான். அவருடைய கோபத்தின் பலனாக, விடுமுறையில் வீட்டுக்குப் போக முடியாத மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அந்த ஆண்டு ஹன்னத்தின் தலையில் விழுகிறது.

யார் யார் தங்குகிறார்கள் என்ற பட்டியலிலேயே கதாசிரியர் டேவிட் ஹெமிங்சன் நிறையச் சொல்லிவிடுகிறார். ஒருவனுக்கு வீட்டில் கட்டுமான வேலை நடக்கிறது. ஒருவனை முடிவெட்டினால்தான் வீட்டுக்குள் விடுவேன் என்கிறார் அப்பா. ஒரு சின்னப் பையனின் பெற்றோர் மார்மன் சபை ஊழியத்துக்காக வெளிநாட்டில் இருக்கிறார்கள். இன்னொரு சின்னப் பையனின் ஊர் கொரியாவில் இருக்கிறது, போய்வர முடியாத தூரம். ஐந்தாவது ஆங்கஸ் டல்லி. செயின்ட் கிட்ஸ் தீவுக்குப் போகலாம் என்று பெட்டியைக் கட்டிவைத்துக் காத்திருந்தவனிடம், புதுக் கணவரோடு தேனிலவுக்குப் போவதாகக் கடைசி நேரத்தில் தொலைபேசியில் சொல்கிறாள் அம்மா. தீபாவளிக்கு முந்தின நாள் விடுதி வாசலில் பையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்துக்கொண்டால் ஆங்கஸின் முகம் புரியும்.

சில நாட்களில் அப்பாக்களில் ஒருவர் மனமிளகி ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறார். பெற்றோர் சம்மதம் கிடைத்த பையன்களையெல்லாம் பனிச்சறுக்குக்கு அழைத்துப் போகிறார். ஆங்கஸின் அம்மாவை எந்தத் தொலைபேசியிலும் பிடிக்க முடியவில்லை, அதனால் அவன் மட்டும் மிஞ்சுகிறான். ஹன்னம், ஆங்கஸ், பள்ளிச் சமையலறையின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் மேரி லாம்ப் என்று மூன்று பேராகக் கதை சுருங்குவது இங்கேதான். அந்த ஹெலிகாப்டரை வேடிக்கையான திருப்பமாகப் பலர் சொல்கிறார்கள். எனக்கு அது படத்தின் விதியைச் சொல்லும் காட்சியாகத் தெரிகிறது. பணம் உள்ள அப்பா மனது வைத்தால், எந்த இடத்தில் மாட்டியிருந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். மேரியின் மகன் கர்டிஸுக்கு அப்படி யாரும் வரவில்லை.

கர்டிஸைப் படத்தில் ஒரு புகைப்படமாக மட்டும்தான் பார்க்கிறோம். ராணுவச் சீருடையில், பள்ளியின் சிற்றாலயத்தில். அவனும் பார்ட்டனில் படித்தவன். அவனை அங்கே படிக்கவைக்கத்தான் மேரி அந்தச் சமையலறை வேலைக்கே வந்தார். கணவர், கர்டிஸ் பிறப்பதற்கு முன்பே கப்பல்துறை விபத்தில் இறந்துவிட்டார். பையன் நன்றாகப் படித்தான். நல்ல கல்லூரிக்குப் போகும் தகுதி இருந்தது, கட்டணம் கட்டப் பணம் இல்லை. அதனால் ராணுவத்துக்குப் போனான். சேவை முடிந்து வந்தால் படைவீரர்களுக்கு அரசு தரும் கல்வி உதவியில் கல்லூரிக்குப் போகலாம் என்பது கணக்கு. வியட்நாமிலிருந்து அவன் திரும்பவில்லை. இருபத்தைந்து வயதைக்கூட எட்டவில்லை.

மேரி இதை அழாமல், குரல் உயர்த்தாமல் சொல்கிறார். 1970இல் இந்தப் படத்தைப் பார்க்கும் ஓர் அமெரிக்கருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. நமக்குத் தேவை.

அப்போது அமெரிக்காவில் ராணுவச் சேவை கட்டாயம். 18 வயதானவுடன் ஒவ்வோர் ஆணும் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும், 26 வயது வரை எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரலாம். ஆனால் முழுநேரக் கல்லூரி மாணவனுக்கு ‘2-எஸ்’ என்றொரு வகைப்பாடு உண்டு. அந்த முத்திரை இருக்கும் வரை அவனை அழைக்க மாட்டார்கள். தகுதி என்னவோ படிப்பு என்றுதான் சட்டம் சொன்னது. நடைமுறையில் அது கல்லூரிக் கட்டணம் கட்டும் சக்தி. வியட்நாம் காலத்தில் ராணுவ வயதில் இருந்த அமெரிக்க ஆண்கள் ஏறத்தாழ 2.7 கோடி. கட்டாயமாக எடுக்கப்பட்டவர்கள் சுமார் 22 லட்சம். பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஒரு வாசல் திறந்திருந்தது, அந்த வாசல்களில் அகலமானது கல்லூரி. யாருக்கு அது மூடியிருந்தது என்பது போர்க்களத்தில் தெரிந்தது. 1965, 66ஆம் ஆண்டுகளில் இறந்த அமெரிக்கப் படையினரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கறுப்பினத்தவர். நாட்டின் மக்கள்தொகையில் அவர்கள் பத்தில் ஒரு பங்கைச் சற்றுத்தான் தாண்டியிருந்தார்கள்.

இந்த அநியாயத்தைச் சரிசெய்வதாகச் சொல்லித்தான் 1969 டிசம்பர் 1 அன்று குலுக்கல் முறையைக் கொண்டுவந்தார்கள். 366 நீல நிறப் பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஆண்டின் ஒரு தேதி. கண்ணாடிச் சாடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்த பையன்கள்தான் வரிசையில் முதல் ஆள். 1970 ஜூலையில் இரண்டாவது குலுக்கல் நடந்தது, 1951இல் பிறந்தவர்களுக்கு. குலுக்கல் வந்த பிறகும் மாணவர்களுக்கான விலக்கு உடனே போய்விடவில்லை. புதிதாகக் கல்லூரியில் சேருபவர்களுக்கு அதை நிறுத்தும் சட்டம் 1971 செப்டம்பரில்தான் வந்தது. ஆகவே படம் நடக்கும் இரண்டு வாரங்களில், கல்லூரி இடம் என்பது இன்னும் உயிர்க்காப்பாகவே இருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஹன்னத்தின் வகுப்பறைக் காட்சிக்குத் திரும்பினால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். தேர்வுத்தாளில் மோசமான மதிப்பெண்ணைப் பார்த்துக் கல்லூரி இடம் போய்விடுமே என்று பையன்கள் பதறுகிறார்கள். கெடுபிடி வாத்தியாரும் கெஞ்சும் பிள்ளைகளும் என்று அதைச் சிரித்துக்கொண்டே பார்த்துவிடலாம். ஆனால் ஹன்னம் அத்தனை கறாராக இருப்பதற்கு அந்தச் சிற்றாலயத்துப் புகைப்படமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தகுதி இருந்தும் பணம் இல்லாதவன் செத்துப்போனான். தகுதி இல்லாமல் பணம் மட்டும் இருப்பவனுக்குத் தன் கையால் மதிப்பெண் போட அவருக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு பையன் மேரியை இளக்காரமாகப் பேசும்போது அவர் வெடிப்பதும் இதனால்தான். அது வரைக்கும் கடுகடுப்பாக மட்டும் தெரிந்தவரிடம் முதன்முறையாக ஒரு நியாயம் தெரிகிறது.

ஹன்னத்தின் சொந்தக் கதையும் இதே கணக்கில்தான் அடங்குகிறது. பதினைந்து வயதில், அடிக்கும் அப்பாவின் வீட்டைவிட்டு வந்தவர். உதவித்தொகையில் பார்ட்டனில் படித்து, ஹார்வர்டு வரை போனவர். அங்கே அறைத்தோழன் ஒருவன் இவருடைய ஆய்வேட்டைத் திருடிவிட்டு, இவர்தான் திருடினார் என்று பழியைத் திருப்பிப்போட்டான். அவன் குடும்பம் பல்கலைக்கழகத்துக்குக் கட்டடம் கொடுக்கும் அளவுக்குப் பெரிய இடம். யார் பேச்சு எடுபட்டிருக்கும்? ஹன்னம் அவனைக் காரால் இடித்தார், பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. பட்டம் இல்லாதவருக்கு வேலை கொடுத்தது பார்ட்டனின் பழைய தலைமையாசிரியர். அதன் பிறகு ஹன்னம் அந்த வளாகத்தை விட்டுப் போகவே இல்லை. மாணவர்கள் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டார்கள் என்றால், இவர் வாழ்நாள் முழுக்க மாட்டிக்கொண்டவர்.

இந்தப் படத்தின் விதை பிரான்ஸிலிருந்து வந்தது. மார்செல் பன்யோல் 1935இல் ‘மெர்லூஸ்’ என்றொரு படம் எடுத்தார். மார்செய் நகரில் தான் படித்த அதே பள்ளியில், லீசே தியேரில், படமாக்கினார். கிறிஸ்துமஸ் இரவில் வீட்டுக்குப் போக முடியாத விடுதி மாணவர்கள், அவர்களைக் காவல் காக்க வந்து சேரும் ஒரு கடுமையான ஆசிரியர். அவருக்கு ஒரு கண் பழுது. உடம்பில் மீன் வாடை அடிக்கிறது என்று சொல்லிப் பையன்கள் வைத்த பட்டப்பெயர்தான் படத்தின் தலைப்பு. பெய்ன் அதை ஒரு திரைப்பட விழாவில் பார்த்தார். கதையின் தொடக்கச் சூழல் பிடித்துப்போனது. ஆனால் அமெரிக்க நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரில் வளர்ந்த அவருக்கு நியூ இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளி உலகம் பழக்கமில்லை. பல ஆண்டுகள் கழித்து, அப்படியொரு பள்ளியை வைத்து ஹெமிங்சன் எழுதியிருந்த தொலைக்காட்சித் தொடரின் முதல் அத்தியாயம் அவர் கைக்கு வந்தது. அந்தத் தொடரை எடுக்க விருப்பமில்லை, ஆனால் இந்தக் கருவை வைத்து எனக்கு ஒரு திரைக்கதை எழுதித் தரமுடியுமா என்று தொலைபேசியில் கேட்டார்.

ஹெமிங்சனுக்கு அந்த உலகம் உள்ளும் புறமும் தெரியும். கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில், தன் தந்தை ஆசிரியராக இருந்த தனியார் பள்ளியில் படித்தவர் அவர். பணக்காரப் பிள்ளைகளுக்கு நடுவே ஆசிரியரின் பிள்ளையாக இருப்பது ஒரு தனி அனுபவம். கர்டிஸின் நிலைக்கு அது வெகு தூரமில்லை. பன்யோலிடமிருந்து ஒற்றைக் கண்ணையும் மீன் வாடையையும் எடுத்துக்கொண்டவர், இரண்டையும் வெறும் கேலிப்பொருளாக விடாமல் உடல்நிலையாக்கினார். ஹன்னத்துக்கு இருப்பது டிரைமெத்தில்அமினூரியா என்ற பரம்பரைக் குறைபாடு. உணவு செரிக்கும்போது குடலில் உண்டாகும் டிரைமெத்தில்அமின் என்ற பொருளைக் கல்லீரலின் ஒரு நொதி உடைக்க வேண்டும். அந்த நொதி சரியாக வேலை செய்யாதவர்களின் வியர்வையிலும் மூச்சிலும் அது அப்படியே வெளியேறும். அழுகிய மீனின் நாற்றத்துக்குக் காரணமும் அதே பொருள்தான். குளித்தால் போகாது, மாலை நெருங்க நெருங்க அதிகமாகும். ஒருவர் ஏன் யார் பக்கத்திலும் உட்காராமல் வாழ்ந்தார் என்பதற்கு இதைவிடத் துல்லியமான காரணம் வேண்டியதில்லை.

படம் தொடங்கும்போதே ஒரு வித்தியாசம் தெரியும். நீலப் பின்னணியில் பழைய பாணி வயதுச்சான்று அட்டை, அதன் பிறகு மிராமாக்ஸ், ஃபோகஸ் ஃபீச்சர்ஸ் நிறுவனங்களின் முத்திரைகள் 1970களின் வடிவத்தில். மிராமாக்ஸ் தொடங்கியது 1979இல், ஃபோகஸ் 2002இல். இருந்திராத முத்திரைகளைப் புதிதாக வரைந்திருக்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஒளிப்பதிவாளர் ஐகில் பிரில்ட் முழுப் படத்தையும் டிஜிட்டல் கேமராவில்தான் எடுத்தார். பிறகு படச்சுருளின் துகள்தன்மை, லேசான ஆட்டம், கீறல்கள், ஒலியில் சின்னச் சின்னப் பொரிவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். சட்டகமும் இன்றைய அகலத்தைவிடக் குறுகல், உயரத்தைப் போல் 1.66 மடங்கு அகலம்தான். மெதுவாக ஒன்றில் ஒன்று கரையும் காட்சி மாற்றங்கள், தூரத்திலிருந்து முகத்தை நோக்கி நெருங்கும் ஜூம், எல்லாம் அந்தக் காலத்துப் பழக்கங்கள்.

இதைப் பழையதின் மீதான ஏக்கம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பெய்ன் சொன்னது வேறு. 1970ஐப் பற்றி ஒரு படம் எடுப்பதற்குப் பதில், 1970இலேயே எடுக்கப்பட்ட படம்போல் ஒன்றை எடுக்க விரும்பினார். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. இன்றிருந்து அந்தக் காலத்தைப் பார்க்கும் படத்துக்குப் பின்னால் நடந்ததெல்லாம் தெரியும். போர் எப்போது முடிந்தது, யார் தப்பித்தார்கள் என்று தெரியும். அந்த அறிவு காட்சிகளுக்குள் கசிந்துவிடும். தொலைக்காட்சியில் நிக்சன் பேசுவார், யாராவது பதாகை பிடிப்பார்கள். இந்தப் படத்தில் அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. 1970 மே மாதம் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 4 மாணவர்களைத் தேசியக் காவற்படை சுட்டுக்கொன்று ஏழு மாதம்தான் ஆகியிருக்கிறது. பார்ட்டனில் யாரும் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. மதுக்கடையில் ஒரு கைக்குப் பதில் கொக்கி மாட்டிய உள்ளூர் இளைஞன் ஒருவன் ஆங்கஸிடம் வம்புக்கு வருகிறான். ஹன்னம் சமாதானம் பேசி அவனுக்குப் பீர் வாங்கிக் கொடுக்கிறார். அந்த ஆண்டில் அந்தக் கையைப் பார்த்தவர்களுக்கு என்ன நினைவுக்கு வந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. படமும் சொல்லவில்லை.

படப்பிடிப்பு 2022 தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், உண்மையான பள்ளிகளில் நடந்தது. டீர்ஃபீல்டு, கிராட்டன், செயின்ட் மார்க்ஸ், நார்த்ஃபீல்டு மவுன்ட் ஹெர்மன் என்று பல வளாகங்களை ஒட்டித்தான் ‘பார்ட்டன்’ உருவானது. டீர்ஃபீல்டு 1797இல் தொடங்கிய பள்ளி, செயின்ட் மார்க்ஸ் 1865இல், கிராட்டன் 1884இல். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் படித்தது கிராட்டனில். இந்தப் பள்ளிகளின் சுவர்களில் போரில் இறந்த முன்னாள் மாணவர்களின் பெயர்கள் பொறித்திருப்பது வழக்கம். முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர் என்று பெயர்கள் நீளும். அந்தப் போர்களில் பெரிய இடத்துப் பிள்ளைகளும் போனார்கள், இறந்தார்கள். வியட்நாம் வேறு மாதிரியான போர். பார்ட்டனின் ஆலயத்தில் அந்தப் போருக்கான முகம் சமையல்காரரின் மகனுடையது.

ஆங்கஸாக நடித்த டொமினிக் செஸ்ஸாவும் டீர்ஃபீல்டு மாணவர்தான். படப்பிடிப்புக்கு இடம் தேடியபோது பள்ளியின் நாடகக் குழுவிலிருந்து தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முன் அவர் எந்தப் படத்திலும் நடித்ததில்லை. நீண்ட கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடக்கும் அந்த நடை, திமிராகத் தொடங்கிப் பாதியில் உடைந்துபோகும் குரல் — அனுபவமுள்ள நடிகர் ஒருவர் இதைச் செய்திருந்தால் நடிப்பு என்று தெரிந்திருக்கும். பால் ஜியாமாட்டி ஹன்னமாக நடிப்பதற்கென்றே இந்தப் பாத்திரம் எழுதப்பட்டது. 2004இல் பெய்னோடு சேர்ந்து அவர் செய்த படம் அவருடைய வாழ்க்கையையே மாற்றியது. அதன் பிறகு இருவரும் சேர இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கிறது. ஜியாமாட்டியின் தந்தை யேல் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர், மகனும் இதுபோன்ற ஒரு தனியார் பள்ளியில் படித்தவர். ஹன்னம் போன்ற ஆசிரியர்களைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறார்.

மேரியாக நடித்த டாவைன் ஜாய் ரேண்டால்ஃபைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 மார்ச் 10 அன்று சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. கோல்டன் குளோப், பாஃப்டா, நடிகர் சங்க விருது எல்லாமே அந்த ஆண்டு அவருக்குத்தான். படம் மொத்தம் ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்று, வென்றது இந்த ஒன்றை மட்டும். ஜியாமாட்டிக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனாலும் படத்தின் நடுமையம் மேரிதான் என்பதால் விருது சரியான கைக்குத்தான் போயிருக்கிறது.

மேரியைப் பற்றி ஒரு விமர்சனம் எழுந்தது, அதை ஒதுக்கிவிட முடியாது. வெள்ளைக்காரர்களின் வீட்டில் சமைத்துப்போட்டு, அவர்களுடைய மனக்குறைகளைக் கேட்டு, அவர்களைத் திருத்தி அனுப்பும் கறுப்பினப் பெண் பாத்திரம் அமெரிக்கப் படங்களில் காலங்காலமாக உண்டு. மேரியும் அந்த வரிசையில் வருகிறாரா? ஹன்னத்துக்கும் ஆங்கஸுக்கும் நடுவே நின்று, கொஞ்சம் இரங்கிப்போங்கள் என்று ஹன்னத்திடம் சொல்லும் காட்சிகளில் அந்தச் சாயல் இருக்கிறது. ஆனால் படம் அவரை அங்கேயே நிறுத்திவிடவில்லை. கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போன இடத்தில் பழைய இசைத்தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, அந்த வீட்டுச் சமையலறையில் அவர் உடைகிறார். அப்போது அவர் யாருக்கும் ஆறுதல் சொல்லும் நிலையில் இல்லை. ஆறுதல் சொல்ல வந்த ஹன்னத்துக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதைவிடவும் முக்கியமான காட்சி பாஸ்டனில் வருகிறது. ராக்ஸ்பரி என்ற கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் மேரியின் தங்கை பெக்கி இருக்கிறார், கர்ப்பமாக இருக்கிறார். விடுமுறைக்கு அங்கே போகாமல் மேரி பள்ளியிலேயே தங்கியதற்குக் காரணம், தானும் மகனும் கடைசியாக ஒன்றாக இருந்த இடம் அதுதான் என்பது. மகன் குழந்தையாக இருந்தபோது போட்ட உடைகளையும் காலணிகளையும் ஒரு பெட்டியில் எடுத்துவந்து, தங்கைக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்காக அலமாரியில் அடுக்குகிறார். இந்தக் காட்சியில் ஹன்னமும் இல்லை, ஆங்கஸும் இல்லை. வசனமும் அதிகமில்லை. இரண்டு சகோதரிகள் மட்டும். மற்றவர்களின் வளர்ச்சிக்காக எழுதப்பட்ட பாத்திரத்துக்கு இப்படி ஒரு காட்சி கிடைத்திருக்காது.

எனக்குள்ள குறை வேறு. அந்தக் கொரியப் பையன் பார்க் யே-ஜூன் இரவில் வீட்டை நினைத்து அழுகிறான், ஆங்கஸ் போய் அவனைத் தேற்றுகிறான். ஆங்கஸின் இரக்கம் முதலில் தெரிவது அங்கேதான். அடுத்த சில நிமிடங்களில் ஹெலிகாப்டர் அந்தப் பையனையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது, பிறகு அவனைப் பற்றிய பேச்சே இல்லை. மூவரின் கதையைச் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கதாசிரியர் எடுத்துக்கொண்ட குறுக்குவழி அது. அவ்வளவு நன்றாகத் தொடங்கிய சின்னப் பாத்திரங்களை விட்டுவிட்டது இழப்புதான்.

பாஸ்டன் பயணத்துக்கு வருகிறேன். பொதுப்பூங்காவில் பனிச்சறுக்கு, தெருவோரப் பழைய புத்தகக் கடை, அருங்காட்சியகத்தில் கிரேக்க மண்பாண்டங்கள். வரலாறு என்பது போன காலத்தைப் படிப்பது மட்டுமில்லை, இன்றைக்கான விளக்கமும் அதுதான் என்று அங்கே ஹன்னம் ஆங்கஸிடம் சொல்கிறார். வகுப்பறையில் எரிச்சலூட்டிய அதே மனிதரின் பேச்சு அங்கே ஒரு பையனின் காதில் விழுகிறது. ஆனால் ஆங்கஸ் பாஸ்டனுக்கு வர ஆசைப்பட்டது வேறு காரணத்துக்காக. இறந்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொல்லிவந்த அப்பா உயிரோடுதான் இருக்கிறார், மனநலக் காப்பகம் ஒன்றில். மகனைப் பார்த்ததும் அவர் பேசும் சில வார்த்தைகளில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஆங்கஸின் பயம் அப்பாவைப் பற்றியது மட்டுமில்லை; தானும் ஒருநாள் இப்படி ஆகிவிடுவேனோ என்பதும்தான். அவனும் ஹன்னமும் ஒரே மாத்திரையைத்தான் சாப்பிடுகிறார்கள் என்பது முன்பே வந்துபோகிறது. நீ உன் அப்பா இல்லை என்று ஹன்னம் அவனிடம் சொல்வதற்கு எடை இருக்கிறது, அதைச் சொல்பவரும் அப்பாவின் வீட்டிலிருந்து ஓடிவந்தவர் என்பதால்.

அந்தச் சந்திப்புக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. மகன் கொடுத்துவிட்டுப் போன கண்ணாடிப் பனிக்கோளத்தை வைத்து அப்பா காப்பகத்தில் வன்முறையில் இறங்குகிறார். அம்மாவும் மாற்றாந்தந்தையும் பள்ளிக்கு வந்து, ஆங்கஸை இங்கிருந்து எடுத்து ராணுவப் பள்ளியில் சேர்க்கப்போவதாகச் சொல்கிறார்கள். ஏற்கெனவே பல பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டவன் அவன். இன்றைய பார்வையாளருக்கு அது கண்டிப்பான ஒரு பள்ளி, அவ்வளவுதான். 1971 ஜனவரியில் அதன் பொருள் வேறு. நல்ல கல்லூரிக்கு இட்டுச்செல்லும் பாதையிலிருந்து இறக்கி, வியட்நாமுக்கு இட்டுச்செல்லும் பாதையில் நிற்கவைப்பது போன்றது. ஹன்னத்தின் மனதில் ஆலயத்துப் புகைப்படம் வராமல் இருந்திருக்காது. அப்பாவைப் பார்க்கப் போகலாம் என்று சொன்னது நான்தான், பையன் மீது தவறில்லை என்கிறார். பொய். வேலை போகிறது. பையன் பார்ட்டனிலேயே இருக்கிறான்.

மதிப்பெண் விஷயத்தில் செனட்டருக்கே வளையாத ஒருவர் இங்கே கூசாமல் பொய் சொல்கிறார். பார்ட்டன் மாணவர்கள் பொய் சொல்வதில்லை என்று படம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். கர்டிஸுக்காக யாரும் செய்யாததை அவர் ஆங்கஸுக்காகச் செய்தார் என்று சொல்லலாம். இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. காப்பாற்றப்பட்டவன் வசதியான வீட்டு வெள்ளைக்காரப் பையன். காப்பாற்றியவர் எல்லாவற்றையும் இழந்து, காரில் சாமான் வண்டியை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். மேரி அதே சமையலறையில் தொடர்கிறார். பள்ளி அப்படியே இருக்கிறது.

படம் தனக்குத் தெரியாதது போல் இருக்கும் ஒன்று நமக்குத் தெரியும். 1953இல் பிறந்த ஆண்களுக்கான குலுக்கல் 1972 பிப்ரவரி 2 அன்று நடந்தது. படத்தில் வரும் பள்ளி மாணவர்கள் பலருக்கும் ஏறத்தாழ அந்த வயதுதான். எண்கள் ஒதுக்கினார்கள், ஆனால் அந்த ஆண்டில் பிறந்த யாருக்கும் அழைப்பு போகவில்லை. கட்டாயச் சேர்ப்பு முடிந்துவிட்டது என்று 1973 ஜனவரி 27 அன்று பாதுகாப்புத் துறை அறிவித்தது. ஹன்னம் வேலையை இழந்து இரண்டே ஆண்டுகளில். அதற்குள் வியட்நாமில் இறந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை 58,000ஐ ஒட்டி வந்துவிட்டது, அவர்களில் 6,000 பேருக்கு மேல் 1970ஆம் ஆண்டில் மட்டும் இறந்தவர்கள். ஆங்கஸைக் காப்பாற்றும் தேவையே இருந்திருக்காது என்று இதை வைத்து யாராவது வாதாடலாம். அந்த அறையில் உட்கார்ந்திருந்த ஹன்னத்துக்கு அது தெரிய வழியில்லை. 1970இல் எடுத்த படம் போல் எடுக்க வேண்டும் என்று பெய்ன் பிடிவாதமாக இருந்ததன் பலன் இதுதான்: நமக்குத் தெரிந்த நிம்மதியை அவர் அந்த அறைக்குள் விடவில்லை.

மேரி இனி தன் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தங்கையின் குழந்தைக்காகச் சேர்க்கப்போகிறார். கல்லூரிச் செலவுக்கு. குழந்தைக்கு கர்டிஸின் பெயரும் சேர்த்து வைக்கப்போகிறார்கள். 1971இல் பிறக்கும் அந்தக் குழந்தை 1989இல் கல்லூரி வாசலுக்கு வரும். அப்போது குலுக்கலும் இருக்காது, 2-எஸ் முத்திரையும் இருக்காது. கட்டணம் இருக்கும். மகனுக்குக் கட்ட முடியாமல் போன அதே கட்டணத்தை நம்பி, 18 ஆண்டுகளுக்கு முன்பே மேரி சேர்க்கத் தொடங்குகிறார்.